இரண்டாவது சப்வூஃபர் சேர்க்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் செய்யுங்கள்

தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. ஆனாலும் பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த ஒலி, மனதுக்கு நிறைவாக இல்லை. பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமாக இறங்கி வரும்போது ஒன்று சுவரையே அதிர வைக்கிறது, அடுத்தது இருக்கும் இடம் தெரியாமல் போகிறது. சோபாவின் இடது ஓரத்தில் அமர்ந்தால் இடி, வலது ஓரத்தில் அமர்ந்தால் வெறுமை. உங்கள் குறை இதுதான் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

இந்தக் குறைக்கு இரண்டாவது சப்வூஃபர் நல்ல தீர்வு. ஆனால் வாங்கி வந்து, காலியாக இருக்கும் மூலையில் நிறுத்தி, கேபிளைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் முன்பிருந்ததைவிட மோசமாகவும் ஆகலாம். என் அறையில் இதைச் சரிக்குக் கொண்டுவர மிகவும் அல்லாட வேண்டியிருந்தது. தகவலுக்குப் பஞ்சமில்லை, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதுதான் எங்கும் தெளிவாக இல்லை. வரிசை மாறினால் முடித்த வேலையையே மறுபடி செய்ய வேண்டிவரும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இரண்டாவது சப்வூஃபர் சத்தத்தைக் கூட்டுவதற்கு அல்ல, பேஸைச் சீராக்குவதற்கு. கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

1. உண்மையிலேயே தேவையா என்று சோதியுங்கள்

20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சோதனை ஒலி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, வழக்கமாக அமரும் இடத்தில் இருந்து கேளுங்கள். ஒலி சீராக ஏறாமல் ஓரிடத்தில் பொங்கி, ஓரிடத்தில் அடங்கும். பிறகு பக்கத்து இருக்கைக்கு மாறிக் கேளுங்கள். பொங்கும் இடமும் அடங்கும் இடமும் இருக்கைக்கு இருக்கை மாறினால், அங்கே இரண்டாவது சப்வூஃபருக்கு வேலை இருக்கிறது.

நீங்கள் ஒருவர் மட்டுமே, எப்போதும் ஒரே நாற்காலியில் அமர்ந்து கேட்பவர் என்றால் அவசரப்படாதீர்கள். இருக்கும் சப்வூஃபரை இடம் மாற்றி, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஈக்வலைசரால் பொங்கும் இடங்களைத் தட்டினாலே போதுமானதாக இருக்கலாம். சத்தம் போதவில்லை, 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் கேட்கவில்லை என்பது உங்கள் குறை என்றால், சிறிய சப்வூஃபர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பதைவிட இருப்பதை விற்றுப் பெரியதாக வாங்குவது நல்லது.

சோதனை ஒலியை ஒருபோதும் உச்ச சத்தத்தில் ஓடவிடாதீர்கள். 20 ஹெர்ட்ஸில் காதுக்குப் பெரிதாக ஒன்றும் கேட்காது; ஆனால் ஸ்பீக்கரின் கூம்பு அதன் எல்லைவரை முன்னும் பின்னும் அடித்துக்கொண்டிருக்கும். காற்று போய்வரத் துளையுள்ள பெட்டிகளில் இந்த ஆபத்து அதிகம்.

2. கையேட்டையும் பெட்டியின் முதுகையும் படியுங்கள்

பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது இது. ஆம்ப்ளிஃபயர் அல்லது ரிசீவரின் கையேடு, இப்போதுள்ள சப்வூஃபரின் கையேடு, வாங்கப்போகும் சப்வூஃபரின் கையேடு, இந்த மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்திருந்தால் பெரும்பாலான தயாரிப்பாளர்களின் இணையதளத்தில் கிடைக்கும்.

ஆம்ப்ளிஃபயரின் முதுகில் சப்வூஃபர் வெளியீடு இருக்கிறதா, ஒன்றா, இரண்டா என்று பாருங்கள். பலர் ஏமாறும் இடம் இதுதான். இரண்டு துளைகள் இருந்தாலும் பல கருவிகளில் உள்ளே இரண்டும் ஒரே கம்பிதான்; ஒன்றின் அளவை மாற்றினால் மற்றதும் சேர்ந்து மாறும். வேறு சிலவற்றில் இரண்டுக்கும் தனித்தனி அளவும் தனித்தனி தூரமும் வைக்கலாம். விளம்பரத் தாளில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள். கையேட்டின் அமைப்புப் பக்கத்தில் ‘சப்வூஃபர் 1’, ‘சப்வூஃபர் 2’ என்று தூரமும் அளவும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சப்வூஃபர் வெளியீடே இல்லாத ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் ப்ரீ-அவுட் (பெருக்கப்படாத சமிக்ஞையை வெளியே தரும் துளை) இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லை என்றால், ஸ்பீக்கர் கம்பியிலிருந்தே சமிக்ஞையை எடுத்துக்கொள்ளும் உள்ளீடு உள்ள சப்வூஃபரைத்தான் வாங்க வேண்டும்.

பழையதாக வாங்குகிறீர்களா? மின்னழுத்தக் குறிப்பைப் பாருங்கள். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதை 230 வோல்ட்டில் செருகினால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பாழாகிவிடும். அசல் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவாதம் அடுத்தவர் கைக்கு மாறுமா என்பது உத்தரவாத அட்டையில் எழுதியிருக்கும். விற்பவரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். வரிசை எண்ணைப் படமெடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள். சுவரோரம் நிறுத்திவிட்ட பிறகு அதைப் படிக்கக் கனமான பெட்டியை மறுபடி இழுக்க வேண்டியிருக்கும்.

3. அதே மாடலையே வாங்குங்கள்

முடிந்தவரை இப்போதுள்ள அதே மாடல். அது இப்போது விற்பனையில் இல்லை என்றால் அதே வகை. மூடிய பெட்டியும் துளையுள்ள பெட்டியும் தாழ்ந்த ஒலிகளில் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. மூடிய பெட்டியில் ஒலி மெதுவாகக் குறையும், ஏறத்தாழ ஓர் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல். துளையுள்ளதில் அந்தத் துளை இசைக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே 24 டெசிபல் வேகத்தில் சரியும். அளவு மட்டுமல்ல, ஃபேஸும், அதாவது அலை ஏறி இறங்கும் நேரமும், மாறுகிறது. இரண்டையும் கலந்தால் ஒரு பகுதியில் ஒன்றுக்கொன்று துணை நிற்கும். இன்னொரு பகுதியில் ஒன்றை ஒன்று அழிக்கும். அளவீட்டுக் கருவியும் பொறுமையும் உள்ளவர்கள் இதையும் சமாளிக்கிறார்கள். முதல்முறை செய்பவர் இதில் இறங்க வேண்டாம்.

இன்னும் எதுவுமே வாங்காதவர் என்றால், இருக்கும் பணத்தில் ஒரு பெரியதா, இரண்டு நடுத்தரமா என்ற கேள்வி வரும். பலர் அமர்ந்து கேட்கும் அறை என்றால் நான் தயங்காமல் இரண்டு நடுத்தரத்தைத்தான் சொல்வேன்.

4. செலவைக் கணக்கிடும்போது பெட்டியோடு நிறுத்தாதீர்கள்

அறையின் மறுபக்கம் வரை போகும் நீளமான ஆர்சிஏ கேபிள் வேண்டும். வெளி இரைச்சலைத் தடுக்கும் உறையுள்ள சாதாரண கேபிளே போதும்; விலையுயர்ந்த கேபிளில் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒரே வெளியீடுதான் இருக்கிறது என்றால் ஒய் வடிவப் பிரிப்பான் வேண்டும்.

கேபிளில் மிச்சமாகும் பணத்தை ஓர் அளவீட்டு மைக்கில் போடுங்கள். யூஎஸ்பி வழியே கணினியில் செருகும் யூமிக்-1 போன்றவை, ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தயாரித்த திருத்தக் கோப்புடன் வருகின்றன. அதனுடன் பயன்படும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம். தொலைபேசியின் மைக் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. தாழ்ந்த ஒலிகளை அது குறைத்தே காட்டும். இரண்டு அமைப்புகளில் எது மேல் என்று ஒப்பிட ஓரளவு உதவும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

உங்கள் கருவியில் இரண்டு சப்வூஃபர்களுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இல்லை என்றால், ஒவ்வொன்றின் அளவையும் தாமதத்தையும் தனியாக மாற்றித் தரும், இரண்டு உள்ளீடும் நான்கு வெளியீடும் கொண்ட மினிடிஎஸ்பி போன்ற ஒரு சிறு கருவி தேவைப்படலாம். இதை முதல் நாளே வாங்காதீர்கள். இடம் நன்றாக அமைந்துவிட்டால் இல்லாமலேயே சமாளிக்க முடியும்.

5. இடம்: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

மொத்தப் பலனில் பெரும்பங்கு இந்தப் படியில்தான் கிடைக்கும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தாழ்ந்த ஒலியின் அலைநீளம் மிகப் பெரியது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் எட்டரை மீட்டர். அது சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பி, சில இடங்களில் குவிகிறது, சில இடங்களில் இல்லாமல் போகிறது. இதுதான் அறையின் ஒத்ததிர்வு. எந்த அதிர்வெண்ணில் இது நடக்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம்: 343ஐ அறையின் நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள். 5 மீட்டர் நீளத்துக்கு 34 ஹெர்ட்ஸ், 4 மீட்டர் அகலத்துக்கு 43 ஹெர்ட்ஸ், 3 மீட்டர் உயரத்துக்கு 57 ஹெர்ட்ஸ். இவற்றின் மடங்குகளிலும் இதே தொல்லை உண்டு. 5 மீட்டர் நீள அறையின் சரிநடுவில் சோபா கிடந்தால் 34 ஹெர்ட்ஸ் உங்கள் காதுக்கு ஏறத்தாழ வரவே வராது. எவ்வளவு பெரிய சப்வூஃபர் வாங்கினாலும் இது மாறாது. முதலில் சோபாவைக் கொஞ்சம் பின்னாலோ முன்னாலோ நகர்த்துங்கள். இதற்குச் செலவே இல்லை.

இரண்டு சப்வூஃபர்களைச் சரியாக வைத்தால், ஒன்று கிளப்பிவிடும் ஒத்ததிர்வை இன்னொன்று அடக்கும். ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனில் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு பல அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தது. செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளியில் ஒவ்வொன்று வைப்பது, எளிய அமைப்புகளில் மிக நல்லது என்று அதில் தெரியவந்தது. முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று. அல்லது இடச்சுவர், வலச்சுவர். என் முதல் பரிந்துரையும் இதுதான்.

பின்சுவரில் கதவு இருக்கிறதா? முன்சுவரிலேயே, அறை அகலத்தின் கால்பங்கிலும் முக்கால்பங்கிலும் ஒவ்வொன்று வையுங்கள். 4 மீட்டர் சுவரில் இடமிருந்து 1 மீட்டரில் ஒன்று, 3 மீட்டரில் ஒன்று. அகலவாட்டில் வரும் முதல் மூன்று ஒத்ததிர்வுகளும் இதில் அடங்கும். நீளவாட்டில் வருவது அப்படியே இருக்கும். இதுவும் முடியாது என்றால் எதிரெதிர் மூலைகள். இரண்டையும் ஒரே மூலையில் அடுக்குவதால் சத்தம் கூடுமே தவிர சீர் வராது. அப்படி வைப்பதற்கு இரண்டாவது வாங்கியிருக்கவே தேவையில்லை.

செவ்வகம் அல்லாத அறை, ஒரு பக்கம் சமையலறைக்குத் திறந்த கூடம் போன்ற இடங்களில் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது. அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் அமரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் தெளிவாக நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய், காதைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துக் கேளுங்கள். ஓரிடத்தில் பேஸ் குழம்பி உருளும். இரண்டடி தள்ளினால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். அங்கே சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். முதல் சப்வூஃபர் அங்கே போகட்டும். இரண்டாவதை வைக்கச் சாத்தியமான இடங்களில் ஒவ்வொன்றாக நிறுத்தி, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது எல்லா இருக்கைகளிலும் அளந்து தேர்ந்தெடுங்கள். இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். தூக்க இன்னொருவர் துணை இருப்பது முதுகுக்கு நல்லது.

6. இணைப்பு

எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு, சப்வூஃபர்களின் சத்தக் குமிழைக் குறைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள்.

ஒரே வெளியீடு என்றால் ஒய் பிரிப்பான் போதும். சமிக்ஞை பலவீனமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். முதல் சப்வூஃபரின் ‘லைன் அவுட்’ துளையிலிருந்து இரண்டாவதற்கு எடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சில மாடல்களில் அந்தத் துளை பேஸை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் வெளியே விடும், அது முதன்மை ஸ்பீக்கருக்கானது. அப்படிப்பட்ட மாடலில் இரண்டாவது சப்வூஃபர் ஏறத்தாழ ஊமையாகவே இருக்கும். கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் கம்பி வழியே இணைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல டிஜிட்டல் வகை ஆம்ப்ளிஃபயர்களில் கறுப்பு முனை எர்த் அல்ல, அதிலும் சமிக்ஞை ஓடுகிறது. அதை சப்வூஃபரின் கறுப்பு முனையில் இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோகலாம். உங்களுடையது எந்த வகை என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டுப் பதில் வந்த பிறகு கை வையுங்கள்.

இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். இரண்டும் ஒரே சமிக்ஞையை ஒலித்தால்தான் ஒன்றின் ஒத்ததிர்வை மற்றது அடக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது, பெரும்பாலான இசைப் பதிவுகளிலும் அந்தப் பகுதி இரு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு தொடர் ரீங்காரம் எழுந்தால் அது பெரும்பாலும் எர்த் சுழற்சி, அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகிவிட்டதால் வருவது. எல்லாக் கருவிகளையும் ஒரே மின் பலகையில் செருகிப் பாருங்கள். போகவில்லை என்றால் சமிக்ஞைக் கேபிளின் இடையில் ஓர் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மரை வையுங்கள். பிளக்கின் எர்த் முனையை ஒடிக்கச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ரீங்காரம் நிற்கும், ஆனால் பழுது வரும் நாளில் உயிரைக் காப்பது அந்த முனைதான்.

7. அளவு, தாமதம், ஃபேஸ்

இரண்டையும் எதிரெதிர்ச் சுவர்களில் சமச்சீராக வைத்திருந்தால், ஒரே மாடலுக்குக் குமிழ்கள் ஒரே நிலையில் இருக்கட்டும், தாமதமும் கொடுக்க வேண்டாம். அருகில் இருப்பது சத்தமாகக் கேட்கிறது என்று அதைக் குறைத்தால், ஒன்றை ஒன்று அடக்கும் வேலை கெட்டுவிடும். ரிசீவரின் தானியங்கி அமைப்பு பெரும்பாலும் இந்தக் குறைப்பைத்தான் செய்யும். அது செய்த பிறகு ஓர் அளவீடு, அதை நீக்கிவிட்டு ஓர் அளவீடு எடுத்து, எது சீராக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சமச்சீர் இல்லாத இடங்களில் வழி வேறு. ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை அளந்து, இருக்கையில் இரண்டும் தனித்தனியே ஒரே அளவில் கேட்கும்படி வையுங்கள். பிறகு தாமதம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லி விநாடி ஆகிறது. ஒன்று 1.5 மீட்டரிலும் மற்றது 4 மீட்டரிலும் இருந்தால், அருகில் இருப்பதற்கு 7 மில்லி விநாடிக்குச் சற்று மேல் தாமதம் கொடுங்கள். தாமதம் கொடுக்க வழியில்லாதவர்கள் ஃபேஸ் குமிழை மெல்லத் திருப்பி, 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை அதிகம் நிறைந்து கேட்கும் நிலையைத் தேடலாம். ரிசீவர் காட்டும் தூரம் அளவு நாடா காட்டுவதைவிட ஒன்றிரண்டு மீட்டர் அதிகமாக இருந்தால் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் நடக்கும் டிஜிட்டல் வேலை எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது தூரமாகக் கணக்கில் சேர்த்திருக்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்து அளந்து பாருங்கள். தனித்தனியே 72 டெசிபல் என்றால் சேர்ந்து 75 முதல் 78 வரை வர வேண்டும். எந்த அதிர்வெண்ணிலாவது ஒன்று மட்டும் ஒலித்ததைவிட இரண்டும் சேர்ந்து குறைவாக இருந்தால் அங்கே ஒன்றை ஒன்று அழிக்கின்றன. ஒன்றின் ஃபேஸ் பொத்தானை 0இலிருந்து 180க்கு மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். மொத்த அளவு கூடியிருப்பதால் கடைசியில் இரண்டையும் ஒரே அளவு குறையுங்கள். இந்தக் குறைப்பைச் செய்யாததால்தான் பல வீடுகளில் இரண்டாவது சப்வூஃபர் வந்ததும் பாட்டு பேஸில் மூழ்கிப்போகிறது.

8. முதன்மை ஸ்பீக்கர்களோடு சேர்ப்பது

கிராஸ்ஓவர் என்பது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிப்பது. ரிசீவர் இதைச் செய்கிறது என்றால் 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். சப்வூஃபரில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், அல்லது அந்தக் குமிழைத் தாண்டிச் செல்லும் எல்எஃப்இ உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். ஸ்பீக்கர்களுக்கு பேஸை வெட்டாத எளிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் சப்வூஃபரின் கிராஸ்ஓவர் குமிழை 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை வைத்துப் பாருங்கள்.

கிராஸ்ஓவர் அதிர்வெண்ணிலேயே ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, இரண்டு சப்வூஃபர்களின் ஃபேஸையும் ஒரே அளவில் சேர்த்துத் திருப்புங்கள். ஒலி மிகவும் அடங்கிப்போகும் நிலையைக் கண்டுபிடித்து அங்கிருந்து 180 பாகை மாற்றுங்கள். உச்சத்தைத் தேடுவதைவிடப் பள்ளத்தைத் தேடுவது காதுக்கு எளிது.

9. ஈக்வலைசர் கடைசியில்

பொங்கும் இடங்களை மட்டும் தட்டுங்கள். பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். அலைகள் ஒன்றை ஒன்று அழிப்பதால் வந்த பள்ளத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. ஆம்ப்ளிஃபயருக்குத்தான் வீண் சுமை. திருத்தத்தை இரண்டு சப்வூஃபர்களுக்கும் பொதுவாகக் கொடுங்கள். ஒரு இருக்கையில் மட்டும் அளந்து திருத்தாமல், எல்லா இருக்கைகளின் அளவீட்டையும் சராசரியாக்கித் திருத்துங்கள். அளவீட்டில் வரும் கோடு மட்டமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழ்ப்பகுதி சில டெசிபல் தூக்கலாக இருப்பதுதான் பெரும்பாலான காதுகளுக்குப் பிடிக்கிறது.

இந்த நிலையில் ஜன்னல் கண்ணாடி, சுவரில் மாட்டிய படம், அலமாரிக் கதவு என்று எதுவாவது நடுங்கத் தொடங்கும். சோதனை ஒலியை ஓடவிட்டுக் கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும். ஒரு துண்டு ஃபெல்ட் போதும். மாடி வீட்டில் இருப்பவர்கள் சப்வூஃபருக்கு அடியில் ரப்பர் மெத்தை போடலாம். தரை வழியே போகும் அதிர்வு குறையும். காற்றின் வழியே அண்டை வீட்டுக்குப் போவதை அது தடுக்காது.

10. நாள் கணக்கு

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு ரசீதில் இருக்கும் தேதியிலிருந்து ஓடுகிறதா, பெட்டி வீடு வந்த நாளிலிருந்து ஓடுகிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேபிளும் மைக்கும் கைக்கு வந்த பிறகு சப்வூஃபரை வரவழைத்தால் அந்தக் கெடுவில் ஒரு நாளும் வீணாகாது. இடம் பார்க்க அரை நாள், இணைப்புக்கு ஒரு மணி நேரம், அளவீட்டுக்கு ஒரு மாலை. அதன்பின் ஒரு வாரம் எதையும் தொடாமல் பழகிய பாட்டுகளைக் கேளுங்கள். குறைந்த சத்தத்திலும் கேட்டுப் பாருங்கள். சில சப்வூஃபர்கள் மெல்லிய சமிக்ஞையில் தாமாகவே அணைந்துவிடும். அப்படி என்றால் ‘ஆட்டோ’வை விட்டு ‘ஆன்’ நிலைக்கு மாற்றுங்கள்.

அட்டைப்பெட்டியையும் உள்ளே வந்த தெர்மோகோலையும் கெடு முடியும்வரை எறியாதீர்கள். இடம் இருந்தால் உத்தரவாதம் முடியும்வரை வைத்திருங்கள். பழுது பார்க்க அனுப்பும்போது அந்தக் கனத்தைத் தாங்க வேறு பெட்டி கிடைப்பது கடினம். எல்லாம் முடிந்த அன்று இரண்டு சப்வூஃபர்களின் முதுகையும் குமிழ் நிலைகள் தெரியும்படி படமெடுத்து, தரையில் அவை நிற்கும் இடத்தை டேப்பால் குறித்து, அளவீட்டுக் கோப்பையும் சேமித்துவிடுங்கள். வீடு கூட்டும்போது பெட்டி ஒரு முழம் நகர்ந்தாலும், துடைக்கும்போது ஒரு குமிழ் திரும்பிவிட்டாலும் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.